லுணுகலை லயத்துப் பாத்திகள்

லுணுகலைத் தோட்டங்களில் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களின் பின்புறத்திலும் நீர் பிடிக்கும் பீலிக்கரை ஓரத்திலும் உள்ள மரக்கறிப் பாத்திகள் தேயிலையோடு வந்தவை. அதற்கு முந்திய கோப்பிக் காலத்தில் அவற்றுக்கு இடமிருக்கவில்லை. கோப்பி, பழம் பறிக்கும் சில மாதங்களுக்கே நிறைய ஆள் கேட்கும் பயிர். தமிழகத்திலிருந்து வந்து மன்னார்க் கரையிலிருந்து மலைக்கு நடந்தவர்களில் பெரும்பாலோர் பறிப்பு முடிந்ததும் ஊர் திரும்பினர். விதைத்த கையே காய் பறிக்கும் என்ற உறுதி அவர்களுக்கு இல்லை.

சுற்றியிருந்த சிங்களக் கிராமங்களின் நிலை வேறு. பலா, கித்துள், கமுகு, மிளகு எல்லாம் நெருங்கி வளரும் ‘கெவத்த’ எனும் வீட்டுத்தோட்டம் அங்கே தலைமுறைச் சொத்து. துரைமார் காடழிப்பதற்கு முன்பே கோப்பிச்செடி அந்த வீட்டு வளவுகளில் நின்றது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமை நிரூபிக்க முடியாத காட்டையும் சேனையையும் அரசு நிலமாகக் கொண்டது. பெருந்தோட்டங்கள் பரவ அது வழிவிட்டது. 1869இல் கோப்பி இலைத்துரு நோய் இலங்கையில் முதலில் தென்பட்டதும் லுணுகலையை அடுத்த மடுல்சீமையில்தான். இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி சரிந்தது.

அதன் இடத்துக்கு வந்த தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். ஆகவே குடும்பங்கள் தங்கின. அரிசியைத் தோட்டம் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு கொடுத்தது. கறிக்கு வழி தேட வேண்டியது குடும்பத்தின் பாடு. வேலை முடிந்த மாலையில் லயத்துக்குப் பின்னால் மண் கொத்தப்பட்டது. வெலிமடை, நுவரெலியாவைப் போல லுணுகலை அவ்வளவு குளிர்ந்த ஊரன்று. கரட்டும் லீக்சும் அங்கே சிறக்க, இங்கே கத்தரி, வெண்டி, பயற்றை, போஞ்சி, மிளகாய், மரவள்ளி நன்றாக வந்தன. வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் பீலி நீர் வழிந்தோடும் ஈரத்தில் தாமாகவே படர்ந்தன. லுணுகலை இருக்கும் ஊவாவுக்கு மழை தருவது வடகீழ்ப் பருவம். ஐப்பசியில் விதைத்தால் தை வரை கவலையில்லை. ஆடி, ஆவணியில் கச்சான் காற்று மண்ணை உலர்த்தும்போது, பாத்திரம் கழுவிய நீரே செடிகளுக்குப் போகும். மாடு வைத்திருந்த குடும்பத்துக்கு எருவுக்குக் குறைவில்லை.

மரம் வைப்பது வேறு கணக்கு. விதையிட்ட பலா காய்க்க ஏழெட்டு ஆண்டு ஆகலாம். நிலமும் லயமும் நிர்வாகத்துக்குரியவை. வேலை போனால் லயத்து அறையான காம்பராவும் போகும். 1948இன் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென ஒதுக்கியது. கப்பலுக்குக் காத்திருந்த குடும்பம் கீரை விதைக்கலாம். மாங்கன்று நடுவது எப்படி? லயத்து வளவில் பழமரம் குறைவாக இருந்ததற்கு அக்கறையின்மை காரணமன்று.

1973, 1974இல் அரிசியும் மாவும் அருகியபோது தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. பாத்தி இருந்தவர்களுக்கு மரவள்ளியும் கீரையும் கை கொடுத்தன. 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்து, மறுஆண்டு உணவு விலை ஏறியபோது அதே பாத்திகள் மறுபடி கொத்தப்பட்டன.

2003இன் சட்டம் எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை தந்தது. பின்னர் தனி வீட்டோடு 7 பேர்ச் காணி வழங்கும் திட்டம் மலையகத்தில் தொடங்கியது. ஏறத்தாழ 177 சதுர மீட்டரான அந்தத் துண்டில் வீடு போக எஞ்சும் இடம் சிறிது. ஆனாலும் காணி கிடைத்த குடும்பத்துக்கு, மூலையில் ஒரு கறிவேப்பிலையும் வேலியோரம் ஒரு பலாக்கன்றும் மிளகுக் கொடியும் வைக்க அது போதும்.