புதுப் பெயரா, புதுப் பலனா?

"புதிய கிராபிக்ஸ் கார்டு வரப்போகிறதாம். இப்போதே வாங்குவதா, காத்திருப்பதா?" ஜித்ரா போலிமாஸிலோ சிந்தோக் பல்கலைக்கழகத்திலோ பிள்ளையைப் படிக்க வைக்கும் பெற்றோருக்கு இது சின்னக் கேள்வி அல்ல. 2025ஆம் ஆண்டு நம் நாட்டில் குறைந்தபட்ச ஊதியம் 1,700 ரிங்கிட். நடுத்தரக் கார்டு ஒன்றே அந்த ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிடக்கூடும்.

கணினித் திரையில் படங்களை வரைந்து தரும் இந்தப் பாகத்தின் வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்ப்போம்.

2001இல் என்விடியா நிறுவனம் ஜிஃபோர்ஸ் 3 கார்டை வெளியிட்டது. மறு ஆண்டே ஜிஃபோர்ஸ் 4 எம்எக்ஸ் வந்தது. எண் கூடியது, உள்ளே இருந்ததோ பெரும்பாலும் ஜிஃபோர்ஸ் 2இன் தொழில்நுட்பம். மூன்றாம் எண் கார்டில் ஓடிய சில விளையாட்டுகள் இதில் ஓடவே இல்லை. பெயரை நம்பியவர்கள் ஏமாந்தார்கள்.

அடுத்து, 2020 செப்டம்பர் 1. 1,199 டாலருக்கு விற்ற 2080 டிஐ கார்டைவிட வேகமான 3070, வெறும் 499 டாலர் என்று அதே நிறுவனம் அறிவித்தது. பலர் பதறிப்போய்ப் பழையதை வந்த விலைக்குத் தள்ளிவிட்டனர். பிறகு நடந்தது என்ன? கொள்ளைநோய்க் காலத் தட்டுப்பாடும், கார்டுகளைக் கொண்டு மின்னியல் நாணயம் ஈட்டும் மோகமும் சேர்ந்துகொண்டன. அறிவித்த விலைக்குக் கார்டு கிடைக்கவில்லை. விற்றவர் கையில் பழையதும் இல்லை, புதியதும் இல்லை!

2022 செப்டம்பரில் எத்தீரியம் நாணயம் கார்டு தேவைப்படாத முறைக்கு மாறியது. பயன்படுத்திய கார்டுகள் சந்தையில் குவிந்தன. காத்திருந்தவர்களுக்கு அது லாபம். ஆனால், 2023இல் 399 டாலருக்கு வந்த 4060 டிஐ, 2020இல் அதே விலைக்கு வந்த 3060 டிஐயைவிடச் சிறிதளவே வேகமாக இருந்தது. ஆகவே, காத்திருப்பதும் எப்போதும் பலன் தராது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? இன்று கடைக்காரர் கேட்கும் விலையையும், நம் வேலையில் அது காட்டும் வேகத்தையும்தான். ஓர் எடுத்துக்காட்டு: 1,000 ரிங்கிட் பழைய கார்டு வினாடிக்கு 60 படங்கள் தருகிறது, 1,800 ரிங்கிட் புதியது 90 தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு படத்துக்கு முன்னதில் சுமார் 17 ரிங்கிட், பின்னதில் 20. அந்த 60 நமக்குப் போதும், உத்தரவாதமும் மீதமிருக்கிறது என்றால் பழையதே சிறந்தது.

பதறாத காரியம் சிதறாது. மேடையில் சொல்லும் விலையை நம்பிப் பணப்பையைத் திறக்காதீர்கள்; கணக்குப் போட்டுப் பார்த்துத் திறங்கள்.