நடைபாதை வியாபாரி ஏன் அந்த இடத்தை விட்டு நகர மறுக்கிறார்?

கொழும்பு கோட்டை புகையிரத நிலையத்தில் இறங்கி புறக்கோட்டைக்கு நடப்பவர் முதலில் நடைபாதை வியாபாரிகளையே காண்பார். குடை, செருப்பு, பழம், தொலைபேசி உறை. புகையிரத நிலையத்துக்கும் பேருந்து நிலையங்களுக்கும் இடைப்பட்ட அந்தச் சிறு தூரத்தில்தான் அவர்கள் நெருங்கி அமர்ந்திருக்கிறார்கள். உள்ளே போகப்போக நிரந்தரக் கடைகள் இனம் இனமாகப் பிரிகின்றன: செட்டியார் தெருவில் நகை, கெய்சர் வீதியில் துணி, கபோஸ் ஒழுங்கையில் மூலிகைச் சரக்கு, நான்காம் குறுக்குத் தெருவில் பருப்பும் வெங்காயமும் மொத்த விலையில்.

நகை வாங்குபவர் நாலு கடை ஏறி இறங்கித்தான் வாங்குவார். ஆகவே நகைக்கடைக்குப் பக்கத்து நகைக்கடை போட்டி மட்டுமல்ல, துணையும்கூட. ஒரே பொருளை விற்பவர்கள் ஏன் அருகருகே வந்து சேர்கிறார்கள் என்பதை ஹரோல்ட் ஹொட்டெலிங் என்ற பொருளியலாளர் 1929 இலேயே விளக்க முயன்றார். குடை வாங்குபவர் அப்படியல்ல. மழை தூறும்போதுதான் அவருக்குக் குடை ஞாபகம் வருகிறது. கடையைத் தேடி ஆள் வரும். பாய் விரித்தவரோ ஆள் நடக்கும் வழியைத் தேடிப் போகவேண்டும். நூறு மீற்றர் தள்ளி அமர்த்தினாலே அவரது வருமானம் விழுந்துவிடும்.

மனிங் சந்தை 2020 இல் பேலியகொடைக்கு மாற்றப்பட்டது. லொறியில் வந்து மரக்கறி ஏற்றும் மொத்த வியாபாரி எதிர்ப்புத் தெரிவித்தாலும் அங்கே போகமுடியும். சில்லறை விற்பவருக்கு அது முடியாது. புறக்கோட்டையில் 2014 இல் திறந்த மிதக்கும் சந்தை அழகாகத்தான் இருந்தது. சில ஆண்டுகளில் களையிழந்தது.

வில்கமுவ போன்ற ஊர்களில் கணக்கு வேறு. மாத்தளை மாவட்டத்தின் கிழக்கே, வஸ்கமுவ தேசியப் பூங்காவை அண்டிய விவசாயப் பிரதேசம் அது. இத்தகைய இடங்களில் தினமும் கூட்டம் கூடாது. அதனால் வாரச் சந்தை நாளில் எல்லோரும் ஒரே இடத்துக்கு வருகிறார்கள். வியாபாரி மறுநாள் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார்.

எமது மக்களுக்கு இது புதிய பாடமில்லை. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது, சனம் போய்ச் சேர்ந்த சாவகச்சேரி, கொடிகாமம் வீதியோரங்களே கடைத்தெருவாகின. 2009 இன் பின்னர் ஏ9 வீதியில் இளநீரும் பழமும் விற்ற குடும்பங்களுக்கும் பேருந்து நிற்கும் இடமே முதலீடு. கணவரை இழந்த பெண்ணொருவருக்குக் கடை வாடகைக்கு எடுக்க முற்பணம் ஏது?

சந்தைகளை நடத்தும் அதிகாரம் 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின்கீழ் பிரதேச சபைகளுக்கு உண்டு. நகரங்களில் அது மாநகர, நகர சபைகளின் பொறுப்பு. வீதியோர வியாபாரிகளை அகற்றிப் புதிய கட்டடத்துக்கு அனுப்பும் திட்டம் சபைக்கு வரும்போது உறுப்பினரிடம் முதலில் கேட்கவேண்டியது ஒன்றுதான்: பேருந்துத் தரிப்பிடத்திலிருந்து அது எத்தனை அடி?