பாக்டீரியாவைக் கண்டறியும் உயிருணரிகள்

உயிருணரி எனும் பயோசென்சரில் இரண்டு உறுப்புகள் உண்டு. ஒன்று, குறித்த பாக்டீரியாவை இனங்கண்டு பற்றும் உயிர்ப்பொருள். மற்றது, அந்தப் பற்றுதலை மின்னாகவோ ஒளியாகவோ எடையாகவோ அளந்து காட்டும் ஆற்றல்மாற்றி. இவ்விரண்டும் நேரடியாக ஒட்டியிருக்க வேண்டும் என்பது வேதியியலுக்கான பன்னாட்டு ஒன்றியம் 1999-இல் வகுத்த வரையறை. ஆகவே, டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர். கருவிகள் இதில் சேரா.

வளர்ப்பு முறையில் சால்மோனெல்லாவை உறுதிசெய்யச் சில நாள்களும், காசநோய்க் கிருமியை வளர்க்கச் சில வாரங்களும் ஆகும். அதற்குள் உணவு உண்ணப்பட்டுவிடும். நோய் மற்றவருக்கும் தொற்றிவிடும். இந்தக் காலத்தைக் குறைப்பதே உயிருணரியின் தலையாய பணி.

இத்துறை 1962-இல் பிறந்ததாகப் பல நூல்கள் கூறும். அவ்வாண்டில்தான் லேலண்ட் கிளார்க், சாம்ப் லயன்ஸ் இருவரும் ஆக்சிஜன் மின்வாயோடு நொதியை இணைத்துக் குளுக்கோஸை அளக்கும் வழியை வெளியிட்டனர். பாக்டீரியாவைப் பொறுத்தவரை வேர் இன்னும் பழையது. பாக்டீரியா வளர்கையில் ஊடகத்தின் மின்கடத்துதிறன் மாறுவதை ஜி. என். ஸ்டூவர்ட் 1899-இலேயே அளந்து எழுதினார். மின்னூட்டமற்ற பெரிய மூலக்கூறுகளைப் பாக்டீரியா சிதைத்து, மின்னூட்டமுள்ள சிறு மூலக்கூறுகளாக்குவதே இதற்குக் காரணம். இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எம். சி. பாட்டர் 1911-இல் நுண்ணுயிர்களிடமிருந்தே மின்னோட்டம் பெற்றார். மின்மினி ஒளிர, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி. இன்றியமையாதது என வில்லியம் மெக்கல்ராய் 1947-இல் காட்டினார். உயிருள்ள செல் அனைத்திலும் ஏ.டி.பி. இருப்பதால், உணவு ஆலைகளில் தூய்மையைச் சோதிக்க இவ்வொளி இன்றும் பயன்படுகிறது. ஆனால் எந்த இனம் என்பதை அது சொல்லாது.

இனம் பிரித்தறிய எதிர்ப்பொருள், டி.என்.ஏ. துண்டு, 1990-இல் உருவான ஆப்டமர் எனும் செயற்கை நியூக்ளிக் அமில இழை, பாக்டீரியாவைத் தாக்கும் பேஜ் வைரஸ் ஆகியவை பயன்படுகின்றன. எதிர்ப்பொருள் செத்த பாக்டீரியாவையும் பற்றும். பேஜ் பெருக உயிருள்ள பாக்டீரியா வேண்டும். எனவே உயிருள்ள கிருமியை மட்டும் கண்டறியப் பேஜ் ஏற்றது. மின்மினியின் ஒளிநொதி மரபணுவைச் சுமந்த பேஜ் காசநோய்க் கிருமிக்குள் புகுந்தால் கிருமி ஒளிரும். மருந்து வேலை செய்தால் ஒளி மங்கும். மருந்தை எதிர்க்கும் கிருமியில் ஒளி நீடிக்கும். வில்லியம் ஜேக்கப்ஸ் குழு 1993-இல் வெளியிட்ட இம்முறை இத்துறையின் மிக அழகான சாதனைகளுள் ஒன்று. பிளேக் கிருமி போன்றவை பட்டதும் நொடிகளில் ஒளிரும்படி மாற்றிய நோயெதிர்ப்பு பி-செல்களை அமெரிக்காவின் எம்.ஐ.டி. லிங்கன் ஆய்வகம் 2003-இல் அறிவித்தது.

ஆற்றல்மாற்றியைக் கொண்டு உயிருணரிகளை மின்வேதி, ஒளி, நிறை என மூவகையாகப் பிரிப்பர். நிறைவகைக்கு, படிந்த எடைக்கேற்பக் குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வெண் குறைவதை சாவர்பிரை 1959-இல் சமன்பாடாக்கியதே அடிப்படை.

இக்காலத்தில் காகிதப் பட்டைகளும் கைபேசியோடு இணையும் உணரிகளும் ஆய்வில் உள்ளன. இவற்றுக்கு ஒரு சவால் உண்டு. 100 மி.லி. குடிநீரில் ஈ.கோலை ஒன்றுகூட இருக்கலாகாது என்பது இந்தியத் தரம். உணரியைத் தொடும் நீரோ சில துளிகளே. எனவே நீரை வடிகட்டிச் செறிவூட்டும் வேலை முன்னதாகச் செய்யப்படுகிறது.