நீரும் சுத்தியலும்: வடசென்னைப் பாய்லர்களில் உப்பு நீக்கிய கைக்கருவிகள்

வடசென்னையின் தொழில் வரலாறு பெரும்பாலும் ஆலைகளின் வரலாறாகவோ, 1918-இல் பெரம்பூரில் பிறந்த சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் வரலாறாகவோதான் எழுதப்படுகிறது. அந்த ஆலைகளை ஓட்டிய நீராவி எங்கிருந்து வந்தது, அதைத் தந்த பாய்லருக்குள் இறங்கி உப்பைச் சுரண்டியவர் கையில் என்ன இருந்தது என்பதைப் பற்றி அதிகம் பேச்சில்லை. இராயபுரம், பெரம்பூர், மணலி, செங்குன்றம் ஆகிய இடங்களை வைத்து அந்தக் கைக்கருவிகள் மாறிவந்த விதத்தை இக்கட்டுரை பார்க்கிறது. என் வாதம் ஒன்றுதான். எந்தக் கருவி வேண்டும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தது பாய்லருக்குள் போன தண்ணீர். கருவி செய்தவரின் திறமைக்கு இதில் இரண்டாம் இடம்தான்.

கிணற்று நீரைக் காய்ச்சும் அண்டாவின் அடியில் வெள்ளையாகப் படிவதுதான் பாய்லரிலும் படிகிறது. ஆனால் எல்லாப் படிவும் ஒரே மாதிரி இல்லை. கால்சியம் பைகார்பனேட் கொதித்ததும் கார்பனேட்டாகப் பிரிந்து பெரும்பாலும் சேறாக அடியில் தங்கும். கால்சியம் சல்பேட் வேறு குணம் கொண்டது. வெப்பம் ஏற ஏற அதன் கரைதிறன் குறையும் என்பதால், குழாயின் மிகச் சூடான பகுதியில்தான் அது கெட்டியாக ஒட்டும். சிலிக்கா சேர்ந்துவிட்டால் படிவு கண்ணாடிபோல் இறுகிவிடும். இப்படிவுகள் வெப்பம் கடத்துவது எஃகு கடத்துவதில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான். எனவே விறகோ நிலக்கரியோ வீணாவதோடு முடிவதில்லை. நீரின் குளிர்ச்சி எட்டாத குழாய்ச் சுவர் சிவக்கக் காய்ந்து, உப்பி, கடைசியில் வெடிக்கும்.

தென்னிந்தியாவின் முதல் ரயில் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது 1856 ஜூலை 1 அன்று. புழல் ஏரி நீர் நகருக்கு முறையாக வந்ததோ 1872-இல்தான். பொறியாளர் ஃபிரேசர் 1866-இல் வகுத்த திட்டப்படி, கொசஸ்தலை ஆற்றில் தாமரைப்பாக்கத்தில் அணை கட்டி, சோழவரம் வழியாகப் புழலுக்கு நீரைத் திருப்பி, அங்கிருந்து திறந்த கால்வாயில் கீழ்ப்பாக்கம் கொண்டு வந்தார்கள். ஆக, இரண்டுக்கும் இடையே 16 ஆண்டுகள். கடலோரக் கிணற்று நீரோடு ஒப்பிட்டால் மழைநீர் தேங்கும் ஏரியின் நீரில் உப்பு குறைவு. ஆனால் மண் அதிகம். மணல் வடிகட்டிகள் கீழ்ப்பாக்கத்தில் செயல்பட்டது 1914 முதல்தான். கிணற்று நீர் இறுகிய உப்பைத் தரும், ஏரி நீர் சேற்றைத் தரும். முன்னதற்குச் சுத்தியல் வேண்டும். பின்னதற்கு நீண்ட கம்பியும் வேகமான நீர்வீச்சும் போதும்.

ரயில் எஞ்சின் ஷெட்டுகளில் இந்த இரண்டாவது வகைக் கருவிகளே அன்றாடம் புழங்கின. சில நாட்களுக்கு ஒருமுறை எஞ்சினை நிறுத்தி ‘வாஷ் அவுட்’ செய்வார்கள். நெருப்புப் பெட்டியின் மூலைகளில் உள்ள பிளக்குகளைக் கழற்றி, வளைந்த நுனியுள்ள கம்பிகளை உள்ளே விட்டுக் குத்திக் கலக்கி, ஹோஸில் நீரைப் பீய்ச்சிச் சேற்றை வெளியே தள்ளுவார்கள். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சூடாக இருக்கும்போதே நீரை வடித்துவிட்டால், மிச்சமிருக்கும் சேறு இரும்பின் சூட்டில் சுட்ட செங்கல்லாகிவிடும். நீரோடு மெல்ல ஆறவிட்டுத்தான் வடிக்க வேண்டும். அவசரக்காரர்கள் தங்களுக்குத் தாங்களே சுத்தியல் வேலையை உண்டாக்கிக் கொண்டார்கள்.

எஞ்சினின் புகைக்குழாய்களில் வேறொரு சிக்கல். நெருப்பும் புகையும் குழாய்க்குள்ளே போகும். நீர் வெளியே சூழ்ந்திருக்கும். கரி உள்ளே படியும், அதை டியூப் பிரஷால் இழுத்துவிடலாம். உப்போ வெளிப்புறத்தில், நெருக்கமாக அடுக்கிய குழாய்களுக்கு நடுவே படியும். அங்கே எந்தக் கையும் எட்டாது. ஆகவே குழாய்களையே உருவி எடுத்து, சுழலும் உருளைக்குள் ஒன்றாகப் போட்டு உருட்டுவது ரயில்வே பணிமனைகளின் வழக்கம். ஒன்றோடொன்று மோதி உப்பு உதிரும். பிறகு தேய்ந்த நுனிகளை வெட்டி, புது நுனி ஒட்டி மறுபடி செருகுவார்கள். 1855-இல் செய்யப்பட்ட இஐஆர் 21 எஞ்சினைப் பெரம்பூர் லோகோ பணிமனை மீட்டு, 2010 ஆகஸ்ட் 15 அன்று ஓட்டிக் காட்டியது. நீராவியை மறந்து பல ஆண்டுகளாகியும் அந்தப் பணிமனையில் கைப்பழக்கம் முற்றிலும் அற்றுப்போகவில்லை என்பதற்கு அது சான்று.

ஆலைப் பாய்லர்களுக்கு வருவோம். ஃபேர்பேர்னும் ஹெதரிங்டனும் 1844-இல் காப்புரிமை பெற்ற லங்காஷயர் பாய்லர், பஞ்சாலைகளுக்கென்றே வார்த்ததுபோல் அமைந்தது. ஏறத்தாழ 30 அடி நீளம், 8 அடி வரை விட்டம். உள்ளே நெருப்பு எரியும் இரண்டு பெரிய குழல்கள். சிப்பிங் சுத்தியலின் ஆட்சி இங்கேதான். சுத்தியலுக்கு இரு முனையும் உளி வாய். ஒன்று பிடிக்கு இணையாக, மற்றது குறுக்காக. 16 அங்குலத்துக்கு 12 அங்குலம் உள்ள நீள்வட்ட மேன்ஹோல் வழியாக ஒருவர் உடலை நுழைக்க வேண்டும். ஒல்லியான உடல்வாகு இந்த வேலைக்கு ஒரு தகுதி. உள்ளே போனால் ஓட்டுக்கும் குழலுக்கும் இடையே மல்லாந்தும் ஒருக்களித்தும் கிடந்தபடி, முகத்துக்கு ஒரு முழம் தள்ளி ஓங்க வேண்டும். உளி வாயை அதிகம் கூராக்கக் கூடாது. கூர் மிகுந்தால் உப்போடு இரும்பும் பெயரும். நேராக அடித்தால் தகட்டில் குழி விழும், அந்தக் குழியில் துரு முதலில் குடியேறும். சாய்த்து, சிறு சிறு அடியாக, சத்தம் மாறும்வரை அடிக்க வேண்டும். உப்பு இருக்கும் இடத்தில் ஓசை மந்தமாக இருக்கும். இரும்பு வெளிப்பட்டதும் கணீரென்று ஒலிக்கும். இருட்டில் கண்ணைவிடக் காதையே நம்பிய வேலை இது. பெயர்ந்ததை ஸ்கிரேப்பரால் வழித்து, கம்பி பிரஷால் தேய்த்து, வாளியில் அள்ளி மேலே அனுப்புவார்கள்.

இந்த வேலைக்கு ஒரு நாட்காட்டியைத் தந்தது சட்டம். 1863-இல் கல்கத்தாவில் நடந்த பாய்லர் வெடிப்பை அடுத்து 1864-இல் வங்காளத்தில் முதல் பாய்லர் சட்டம் வந்தது. பிற மாகாணங்கள் பின்னர் தத்தம் சட்டங்களை இயற்றின. அவற்றை ஒன்றாக்கியது 1923-ஆம் ஆண்டின் இந்தியப் பாய்லர் சட்டம். 1950-இல் வந்த விதிமுறைகள், ஆய்வாளர் வரும்போது பாய்லர் காலியாகவும், எல்லாப் பாகமும் சுத்தமாகவும், மேன்ஹோல் முதலான வாய்கள் திறந்தும் இருக்க வேண்டும் என்கின்றன. உப்பை மூடிவைத்துச் சான்றிதழ் வாங்க வழியில்லை. எனவே முதலாளியின் மனம்போல நடந்த சுத்தம், ஆய்வுத் தேதியை ஒட்டிய சடங்காயிற்று. 1923 சட்டத்தின் இடத்தில் இப்போது 2025-ஆம் ஆண்டின் பாய்லர் சட்டம்.

1867-இல் காப்புரிமை பெற்ற பாப்காக் – வில்காக்ஸ் பாய்லர், நீரைக் குழாய்க்குள்ளும் நெருப்பை வெளியிலும் வைத்தது. இதனால் உப்பும் உள்ளே வந்தது. 4 அங்குல நேர்க்குழாய், அதன் நுனிக்கு நேரே திறக்கக்கூடிய ஒரு சிறு வாய். சுத்தம் செய்பவர் இனி பாய்லருக்குள் படுக்க வேண்டியதில்லை. நீண்ட கம்பியில் மாட்டிய ஸ்கிரேப்பரை வெளியே நின்றே தள்ளி இழுக்கலாம். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் பரவிய டர்பைன் கிளீனர் அடுத்த படி. ஹோஸ் நுனியில் சிறு நீர்ச்சக்கரம். அது சுழலும் வேகத்தில் பல்வைத்த வெட்டிகள் விரிந்து குழாய்ச் சுவரைச் சுரண்டும். ஓட்டிய நீரே தூளையும் அடித்துக்கொண்டு வெளியேறும். புகைக்குழாய்களுக்கு வந்தது வேறு வகை: காற்றழுத்தத்தில் படபடவென்று குழாயின் உள்பக்கம் அடித்து, அந்த அதிர்வில் வெளிப்பக்க உப்பை உதிர்ப்பது. ஒரே இடத்தில் நிறுத்திவைத்தால் குழாயே மெலிந்துவிடும் என்பதால் ஹோஸைப் பிடித்தவரின் கைப்பக்குவம் அப்போதும் முக்கியம்தான்.

சுத்தியலை உண்மையில் வென்றது இன்னொரு சுத்தியல் அல்ல, வேதியியல். சுண்ணாம்பு சேர்த்து நீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் முறைக்கு தாமஸ் கிளார்க் 1841-லேயே காப்புரிமை பெற்றிருந்தார். பின்னர் சோடா, ஜியோலைட், பாஸ்பேட், அயனிப் பரிமாற்றம் என்று வரிசையாக வந்தன. இரும்பை அரிக்காதபடி தடுப்பான் கலந்த அமிலமும் வந்தது. 1970-இல் முதல் யூனிட் ஓடத் தொடங்கி 2017-இல் மூடப்பட்ட எண்ணூர் அனல் மின் நிலையம் போன்ற இடங்களில் பாய்லருக்குப் போனது உப்பு நீக்கிய நீர். நீராவி குளிர்ந்து திரும்பத் திரும்பப் பாய்லருக்கே வந்தது. மணலியில் 1969-இல் எண்ணெய்ச் சுத்திகரிப்பும் அதன்பின் உர உற்பத்தியும் தொடங்கின. மீஞ்சூர்ப் பக்க நிலத்தடி நீரில் கடல் ஏறியதும், பற்றாக்குறையும் இப்பகுதி ஆலைகளைக் கழிவுநீரையே சுத்திகரித்துப் பயன்படுத்தும் நிலைக்குக் கொண்டு வந்தன. 2019-இல் கொடுங்கையூரில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையம் இதற்கென்றே திறக்கப்பட்டது. சவ்வு வழியே பிழிந்த சாக்கடை நீர், பழைய கிணற்று நீரைவிடப் பாய்லருக்கு உகந்தது என்பதைச் சொன்னால் பலர் நம்பமாட்டார்கள்.

அப்படியானால் சுத்தியல் போய்விட்டதா? புழலை அடுத்த செங்குன்றத்தின் அரிசி ஆலைகள் வேறு கதை சொல்கின்றன. நெல் புழுக்கும் பாய்லரின் நீராவி நேரே நெல்லுக்குள் போகிறது, திரும்பி வருவதில்லை. எவ்வளவு நீராவியோ அவ்வளவு புது நீர் வேண்டும். மணிக்கு ஒரு டன் வீதம் 10 மணி நேரம் நீராவி தரும் பாய்லருக்கு, லிட்டருக்கு 300 மில்லிகிராம் கடினத்தன்மையுள்ள போர் நீரை அப்படியே ஊற்றினால் நாளொன்றுக்கு 3 கிலோ உப்பு உள்ளே நுழையும். 25 நாளில் 75 கிலோ. அடிவால்வைத் திறந்து ஒரு பகுதியைத் தள்ளிவிடலாம், மீதி ஒட்டும். நெருப்புப் பக்கமும் சும்மா இருப்பதில்லை. உமியின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. அது புகைக்குழாயை அடைக்கும் என்பதால் டியூப் பிரஷுக்கு ஓய்வில்லை. நீரை மென்மையாக்கும் கருவி வைத்த ஆலையில் பிரஷ் மட்டும் போதும்; வைக்காத ஆலையில் ஆய்வுத் தேதி நெருங்கும்போது சிப்பிங் சுத்தியலும் வெளியே வரும். மணலிக்கும் செங்குன்றத்துக்கும் இடையே உள்ளது சில மைல் தூரம்தான். பாய்லர் சுத்தம் செய்யும் முறையிலோ ஒரு நூற்றாண்டு இடைவெளி.

அகலப் பாதையில் நீராவி எஞ்சின்கள் நின்றது 1990-களின் நடுவில். ஷெட்டுகளில் வாஷ் அவுட் செய்தவர்கள் இன்று முதியவர்கள். வளைந்த கம்பிகளும் இரட்டை வாய்ச் சுத்தியல்களும் எடைக்குப் போகும் முன், அவற்றின் அளவு, எடை, தொழிலாளர் வழங்கிய பெயர் ஆகியவற்றை வடசென்னைக் கல்லூரிகளின் வரலாற்று மாணவர்கள் அந்த முதியவர்களைக் கேட்டு எழுதி வைக்க வேண்டும். அதற்கான காலம் குறைவாகவே இருக்கிறது.