கத்தாளைக் குஞ்சுகள் வந்துபோன ஓடை

தாராவி என்றதும் ஊரில் இருக்கும் நம் ஆட்களுக்கு ஞாபகம் வருவது தோல் கிடங்கு, தொண்ணூறு அடி ரோடு, அப்புறம் நாயகன் படம். (1987-ல் நாம் அந்தப் படத்தில் பார்த்த தாராவி, தோட்டா தரணி சென்னையில் போட்ட செட் என்பது தனிக்கதை.) மீன்பிடி கிராமம் என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் 1909-ல் வந்த பம்பாய் கெஜட்டியர், நகரத்தின் ஆறு பெரிய கோலிவாடாக்களில் ஒன்று என்று தாராவியைக் குறிப்பிடுகிறது. கோலிகள் என்றால் நம்மூர்ப் பரதவர், பட்டினவர் மாதிரி இந்தக் கரையின் மீனவர். ஏழு தீவுகளை ஒட்டவைத்து பம்பாய் என்று ஒரே ஊராக ஆக்குவதற்கு ரொம்ப முன்னாலேயே இங்கே வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள்.

அன்றைய தாராவி மாஹிம் கழிமுகத்தின் கரை. அந்தப் பக்கம் பாந்த்ரா, அதாவது சால்செட் தீவு. நடுவில் தண்ணீர். அந்தத் தண்ணீர்தான் இங்கிலீஷ்காரனுக்கு எல்லைக்கோடு. அதைக் காவல் காக்கக் கட்டிய ரிவா கோட்டை இன்னும் இருக்கிறது. காலா கில்லா பஸ் ஸ்டாப்பில் இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கறுப்புக் கோட்டை தெரியுமோ! கவர்னர் ஹார்ன் பெயர் போட்ட 1737-ம் வருஷக் கல்வெட்டு அதில் உண்டு. அதே வருஷம்தான் மராட்டியப் படை சால்செட்டுக்குள் புகுந்தது.

சரி, மீனுக்கு வருவோம். (மாட்டுங்கா சைவக்காரர்கள் இரண்டு பத்தி தாண்டிப் போய்விடலாம்.)

அமெரிக்காவில் டெக்ஸாஸ், புளோரிடா பக்கம் இருக்கும் நம்மவர்கள் லீவு நாளில் கடற்கழியில் தூண்டில் போட்டு ‘ரெட் டிரம்’ என்று ஒரு மீனைப் பிடிக்கிறார்கள். டிரம் என்று பெயர் வந்தது அது எழுப்பும் சத்தத்தால். வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பையைத் தசையால் அதிரவைத்து மத்தளம் கொட்டும். அந்தக் குடும்பத்து மீன்தான் நம்மூர்க் கத்தாளை. மராத்தியில் சின்ன ஜாதிக்கு தோமா, பெரிய ஜாதிக்கு கோல். டிரம்மோ கோலோ, பெரியது கடலில் வாழும், குஞ்சு கழிமுகத்துக்குள் வளரும். உப்புக் கொஞ்சம் குறைந்த தண்ணீர், அலையாத்திக் காட்டின் வேர்ச்சந்து, தின்ன இறால் குஞ்சு, பெரிய மீன் துரத்தி வர முடியாத ஆழம். ஓதம் ஏறும்போது உள்ளே வந்து இரை எடுக்கும், வடியும்போது கால்வாய்ப் பக்கம் இறங்கும். மாஹிம் ஓடையில் இதோடு மடவை, கெளுத்தி, கொடுவா, சேற்று நண்டு எல்லாம் உண்டு. சேற்றில் துள்ளும் ‘நிவ்டி’யைக்கூட கோலிகள் ருசித்துச் சாப்பிடுவார்கள்.

தூத்துக்குடி, சென்னைக் கரையில் வளர்ந்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் பக்கம் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டர் இருந்தால் அதிகம். பம்பாயில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஐந்து மீட்டரை எட்டும். காலையில் படகு மிதந்த இடத்தில் மத்தியானம் சேறுதான் இருக்கும். இவ்வளவு தண்ணீர் தினம் இரண்டு தடவை உள்ளே போய் வெளியே வருகிறது என்றால் மீனைத் தேடி ஏன் அலைய வேண்டும்? தண்ணீரே கொண்டுவந்து கொடுக்கும். கோலிகளின் ‘டோல்’ வலை அந்தக் கணக்கில் பிறந்தது. கம்பு நட்டு, நீரோட்டத்துக்கு எதிராக வாயைத் திறந்து கட்டிய பை வலை. ஓடைக்குள் போடும் சின்னதுக்கு ‘போக்ஷி’. கரையிலிருந்து எறியும் வீச்சு வலைக்கு ‘பாக்’. ஏற்றத்துக்கு பர்த்தி, வற்றத்துக்கு ஓஹோட்டி, பெரிய ஓதத்துக்கு உதான், சின்னதுக்கு பாங் என்று அவர்கள் வைத்திருக்கும் சொற்களைக் கேட்டாலே பிழைப்பு எதில் ஓடியது என்று புரியும். கம்பு நடும் இடம் குடும்பம் குடும்பமாக வந்த உரிமை. நம் பழவேற்காட்டில் அதையே முறை வைத்துப் பங்கு போட்டு ‘பாடு’ என்கிறார்கள்.

இந்த ஏற்ற இறக்கத்தை முதலில் நெரித்தது சாலை. 1800-களின் தொடக்கத்தில் கவர்னர் டங்கன் போட்ட சயான் பாலச்சாலை. அப்புறம் 1840-களில் மாஹிம் காஸ்வே. கம்பெனி பணம் தர மறுக்க, ஜம்ஷெட்ஜி ஜீஜிபாயின் மனைவி ஆவாபாய் 1,57,000 ரூபாய் கொடுத்தார், சுங்கம் வசூலிக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு. எல்.ஜே. ரோடு என்று நாம் சுருக்கிக் கூப்பிடுவது அந்தம்மா பெயரைத்தான், லேடி ஜம்ஷெட்ஜி ரோடு. ஓடையில் படகு கவிழ்ந்து செத்துக்கொண்டிருந்த ஜனங்களுக்கு அது பெரிய உபகாரம், சந்தேகமே இல்லை. ஓடைக்கு அப்படிச் சொல்ல முடியாது. வாய் குறுகினால் ஓதத்தின் வேகம் போய்விடும், சேறு தங்கிவிடும். மேலே விஹார் ஏரிக்கு 1860-ல் அணை கட்டி முடித்தார்கள், 1890 வாக்கில் பவாய் ஏரி. மித்தி ஆற்றின் நல்ல தண்ணீரும் நின்றது.

அடுத்து வந்தவர்கள் நாம். 19-ம் நூற்றாண்டுக் கடைசியில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் தொழிலுக்கு வந்தவர்கள் இந்தச் சேற்றோரத்தில்தான் குடியேறினார்கள். ஊருக்கு வெளியே தள்ளிவைத்த தொழிலுக்கு ஊருக்கு வெளியே தள்ளிய இடம். 1887-ல் எழுந்த படி மசூதியும், 1913-ல் எழுந்த பிள்ளையார் கோயிலும் அந்தக் காலத்து அடையாளம். குடிசை போடத் தரை வேண்டும், தரை இல்லை. குப்பையையும் மண்ணையும் கொட்டிக் கொட்டித் தரையாக்கினார்கள். தோல் கழுவிய சுண்ணாம்புத் தண்ணீரும் சாயமும் ஓடைக்குப் போயிற்று. மதுவிலக்குக் காலத்தில் கோலிவாடாவிலேயே மீனை விடச் சாராயம் லாபம் என்று ஆயிற்று.

ஆனால் ஓடையை மூடியது குடிசைக்காரன் மட்டும்தான் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கூடை கூடையாகக் கொட்டியவன் பிடித்தது நிற்க ஒரு அடி. 1977-லிருந்து பாந்த்ரா–குர்லா வளாகம் என்ற பெயரில் சதுப்பை மேடாக்கியது அரசுத் திட்டம். மொத்தம் 370 ஹெக்டேர். வங்கியும் வைரச் சந்தையும் நிற்பது ஓதம் ஏறி நின்ற இடத்தில். 2005 ஜூலை 26-ல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. தண்ணீர் தன் பழைய வழியைத் தேடி வந்தபோது முதலில் மூழ்கியதில் குர்லா, கலினா, தாராவி எல்லாம் உண்டு. அதற்கப்புறம்தான் மித்தி ஒரு ஆறு என்பது அரசாங்கத்துக்கு ஞாபகம் வந்து தனி ஆணையம் வைத்தார்கள். அந்த அக்டோபரில் உயர்நீதிமன்றம் அலையாத்தி வெட்டத் தடை போட்டது. மித்தி என்றால் இனிப்பு. பக்கத்தில் நின்று மூச்சு விட்டவர்களுக்கு அந்தப் பெயர் ஒரு கேலி.

ஓடை கெட்டால் ஓடையோடு முடியாது. குஞ்சு வளரும் இடம் போனால், பத்து மைல் தாண்டிக் கடலில் வலை போடுகிறவனுக்கு நஷ்டம். டெக்ஸாஸில் 20 அங்குலத்துக்குக் குறைந்த ரெட் டிரம்மை வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடாது, திரும்ப விட்டுவிட வேண்டும். 28 அங்குலத்துக்கு மேல் என்றால் அதற்கும் கட்டுப்பாடு. இங்கே திரும்ப விடுவதற்கு நல்ல தண்ணீர் இருக்கிறதா என்பதே கேள்வி. 2021-ல் பால்கர் பக்கம் முர்பே கிராமத்துப் படகு ஒன்றில் 157 கோல் மீன் விழுந்து, 1.33 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. விலை அந்தக் காற்றுப்பைக்கு. மத்தளம் கொட்டும் அதே பைதான். ஏற்றுமதியாகிக் கீழை நாடுகளுக்குப் போகிறது. 2023-ல் குஜராத் கோல் மீனைத் தன் மாநில மீனாக அறிவித்தது.

தாராவி கோலிவாடா இன்னும் இருக்கிறது. 2022-ல் தாராவி மறுகட்டுமானம் அதானி குழுமத்துக்குப் போனபின், ‘நாங்கள் குடிசைப்பகுதி இல்லை, பூர்வீக கிராமம், எங்களை விட்டுவிடுங்கள்’ என்று அவர்கள் கேட்டார்கள். அந்தக் கோரிக்கையைப் பக்கத்து லேனில் இருக்கும் நம் ஆட்கள் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்பது நல்லது. நான்கு தலைமுறையாக நாம் குடியிருப்பது அவர்கள் வலை போட்ட தண்ணீருக்கு மேலே.

இனி மார்க்கெட்டில் தோமா கிடைத்தால் தலையோடு வாங்குங்கள். சின்னதாக இருந்தால் குழம்பு, கொஞ்சம் பெரிதென்றால் வறுவல். தலைக்குள் வெள்ளையாக இரண்டு கல் இருக்கும், பிள்ளைகளுக்கு எடுத்துக் காட்டலாம். மரத்தில் வருஷ வளையம் எண்ணுகிற மாதிரி, அந்தக் கல்லை அறுத்து வளையம் எண்ணித்தான் மீனின் வயதைச் சொல்கிறார்கள்.