கீழே இறக்கப்பட்ட மணி

கியூபா என்றதும் நமக்கு மூன்று படங்கள் மனசில் வரும்: சே குவேராவின் முகம், சுருட்டு, 1950களின் அமெரிக்கக் கார். அங்கே சுற்றிவந்த பிறகு நான் நாலாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். சர்க்கரை. ஹவானாவின் மாளிகை, டிரினிடாடின் கல் பாவிய தெரு, பச்சைப் பள்ளத்தாக்கு என்று எதைப் பார்த்து வாய் பிளந்தாலும், கொஞ்சம் தோண்டினால் அடியில் அதுதான் கிடக்கிறது.

ஹவானாவிலிருந்து ஆரம்பிக்கலாம். 1762இல் பிரிட்டிஷ் படை இந்த நகரத்தைப் பிடித்தது. ஒரு வருஷம்கூட வைத்திருக்கவில்லை. 1763இல் ஃபுளோரிடாவை வாங்கிக்கொண்டு ஸ்பெயினிடமே திருப்பிக் கொடுத்தது. ஆனால் அந்தச் சில மாதங்களில் துறைமுகம் வியாபாரத்துக்குத் திறந்துவிடப்பட்டது. ஆயிரக்கணக்கான ஆப்பிரிக்கர்கள் அடிமைகளாகக் கொண்டுவந்து இறக்கப்பட்டார்கள். திரும்பி வந்த ஸ்பெயின், இனி யாரும் நெருங்கக் கூடாதென்று கட்டியது லா கபான்யா கோட்டை. இன்றும் ராத்திரி ஒன்பது மணிக்கு அங்கே பீரங்கி வெடிக்கிறார்கள். கூட்டம் போனைத் தூக்கிப் பிடிக்கிறது. நானும்தான் பிடித்தேன்.

அடுத்த திருப்பம் பக்கத்துத் தீவில் நடந்தது. அந்தக் காலத்தில் உலகிலேயே அதிகச் சர்க்கரை செய்தது செயின்ட் டொமிங் என்ற பிரெஞ்சுக் காலனி. 1791இல் அங்கே அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். 1804இல் அது ஹைட்டி என்ற சுதந்திர நாடானது. அங்கே விலங்கு உடைந்ததும், காலியான சந்தையைப் பிடிக்க கியூபாவின் முதலாளிகள் இங்கே இன்னும் அதிகமாக விலங்கு பூட்டினார்கள். 1820இலேயே அடிமைக் கடத்தல் சட்டப்படி தடைசெய்யப்பட்டாச்சு. ஆனாலும் 1860கள் வரை கப்பல்கள் திருட்டுத்தனமாக வந்துகொண்டிருந்தன. 1837இல் ஹவானாவுக்கும் பெஹுகாலுக்கும் இடையே ரயில் ஓடியது. ஸ்பெயின் மண்ணில் ரயில் வந்ததோ 1848இல்தான். ஆண்ட நாட்டுக்கு முன்பே காலனிக்கு ரயில் வந்ததென்றால், கரும்பு எவ்வளவு அவசரப்பட்டிருக்கும்!

டிரினிடாட் 1514இல் உருவான ஊர். மஞ்சள், நீலம் பூசிய வீடுகள், ஜன்னலுக்கு ஜன்னல் கம்பி அழி, நடந்தால் கணுக்கால் சுளுக்கிக்கொள்ளும் தெருக்கள். நான் தங்கியது ஒரு குடும்பத்தின் வீட்டில், வாடகை அறையில். "எப்படி ஊரை இவ்வளவு அழகாகக் காப்பாற்றி வைத்திருக்கிறீர்கள்?" என்று வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டேன். சிரித்தார். "இடிச்சுக் கட்ட யாருகிட்டயும் காசு இல்லப்பா!"

அது வரலாறும்கூட. பக்கத்து ஆலைப் பள்ளத்தாக்கில் 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட கரும்பாலைகள் ஓடின. கொப்பரை எரிக்கக் காடு போனது. திரும்பத் திரும்பக் கரும்பு நட்டு மண் சத்திழந்தது. நீராவியில் ஓடும் பெரிய ஆலைகள் வேறு ஊர்களில் முளைத்தன. விடுதலைப் போர் 1868இல் மூண்டது. பணம் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது. அது விட்டுப்போன ஊரை 1988இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்றது.

பள்ளத்தாக்கில் எல்லோரும் போவது மனாகா இஸ்னாகா கோபுரத்துக்கு. ஏழு அடுக்கு, சுமார் 45 மீட்டர் உயரம். இரண்டு சகோதரர்கள் போட்டி போட்டு, ஒருவன் கோபுரம் கட்டினான், இன்னொருவன் அதே ஆழத்துக்குக் கிணறு வெட்டினான் என்று ஒரு கதை சொல்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கல் சுமந்தவர் யார், மண் அள்ளியவர் யார் என்பது மட்டும் கதையில் வராது.

மரப்படியில் மூச்சு வாங்க ஏறினேன். மேலிருந்து பார்த்தால் காற்றில் அலையும் புல்வெளி, ராஜபனைகள், தூரத்தில் மலை. ஒரு மறைவும் இல்லை. அங்கே நின்றபோதுதான் உறைத்தது, இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவனுக்கும் இதே காட்சிதான் வேண்டியிருந்தது. கரும்புக்குள் குனிந்த முதுகுகளை எண்ண, யாராவது ஓடினால் பார்க்க. மேலே மணி இருந்தது. வேலை தொடங்க, முடிக்க, ஜெபிக்க, தீ பிடித்தால், ஆள் தப்பினால் எல்லாவற்றுக்கும் அந்த மணி. இப்போது அது கீழே, முதலாளி வீட்டருகே தரையில் இருக்கிறது. குழந்தைகள் அதைத் தட்டிப் பார்க்கிறார்கள். கியூபாவில் அடிமைமுறை ஒழிந்தது 1886இல்.

கடைசியாக மேற்கே வின்யாலெஸ். தட்டையான புகையிலை வயல்களின் நடுவே யானைக்கூட்டம் படுத்திருப்பது போலச் சுண்ணாம்புக்கல் குன்றுகள். தப்பியோடியவர்கள் இங்குள்ள குகைகளில் ஒளிந்து வாழ்ந்தார்கள். அவர்களை சிமரோன் என்றார்கள். ஒரு குகைக்குள் போய்த் திரும்பி வாசலைப் பார்த்தேன். கோபுரத்தின் உச்சியில் முழுப் பள்ளத்தாக்கும் தெரிந்தது. இங்கே கதவகலத்துக்கு வெளிச்சம், ஒரு துண்டு வயல், அவ்வளவுதான். ஆனால் வெளியில் நிற்பவனுக்கு உள்ளே எதுவுமே தெரியாது. அந்தப் பாதுகாப்புக்காகத்தான் அவர்கள் இவ்வளவு அழகான வெளியை விட்டு இருட்டுக்குள் வந்திருக்கிறார்கள்.