சாவியும் இலத்தீனும்

நாளைக்குப் பத்து ஆங்கிலச் சொல் என நெட்டுருப் போடவைக்கும் வழக்கம் நம் தோட்டப்பள்ளிகளில் நெடுங்காலம் நிலவியது. அவ்வாறு கற்ற சொல் தேர்வு முடிந்ததும் மறையும். ஆங்கிலம் தமக்கு உரியதன்று என்னும் அச்சமே மாணவர் உள்ளத்தில் எஞ்சும். ஆயின், ஆங்கிலக் கலைச்சொற்களில் பெரும்பகுதியை ஈந்த இலத்தீன், அம்மாணவர்தம் வீட்டிலேயே குடியிருக்கிறது என்பதை வரலாறு காட்டும்.

சாவி என்னும் சொல்லை நோக்குக. திறவுகோல் என்பதே நம் பழஞ்சொல். சாவியோ போர்த்துகீசியரின் 'சாவே'. அது இலத்தீன் 'கிளாவிஸ்' என்பதன் திரிபு. வீரமாமுனிவர் செந்தமிழ் இலக்கணத்தை இலத்தீனில் எழுதியபோது அந்நூற்பெயரை இச்சொல்லால்தான் தொடங்கினார். அந்நூல் 1876இல் தரங்கம்பாடியில் அச்சேறிற்று. தமிழைத் திறக்க இத்தாலியர் ஒருவர் கையிலெடுத்த சொல்லும், லயத்து வீட்டில் ஆணியில் தொங்கும் சொல்லும் ஒன்றே! புதிய போப்பாண்டவரைத் தேர்ந்தெடுக்கக் கர்தினால்மார் பூட்டிய அறையில் கூடும் 'கான்கிளேவ்' இதன் வழிவந்தது. 'சிறு சாவி' எனப் பொருள்படும் 'கிளாவிக்கிள்', நம் காறையெலும்பு.

1511இல் போர்த்துகீசியர் மலாக்காவைக் கைப்பற்றினர். நாம் மேசை, ஜன்னல் எனப் பெற்றவற்றை மலாய்மொழி மேஜா, ஜெண்டேலா எனப் பெற்றது. சக்கரத்தைக் குறிக்கும் மலாய்ச் சொல்லாகிய 'ரோடா', இலத்தீன் 'ரோட்டா' ஆகும். ஆங்கில 'ரோட்டேட்' அதன் பிள்ளை. விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்ட 'செக்ரோல்' உள்ளதன்றோ? அதிலுள்ள 'ரோல்', சிறு சக்கரம் எனப் பொருள்படும் 'ரோட்டுலா'வின் பேரன். சுருட்டிவைத்த ஏடு ஆதலின் அப்பெயர் பெற்றது.

இனி, 1877இல் கோலகங்சாரில் ஊன்றப்பெற்ற கன்றுகளோடு பேராக்கில் கால்கொண்ட பால்மரத்துக்கு வருவோம். 'லேடெக்ஸ்' இலத்தீனில் நீர்மம் எனப் பொருள்படும். பாலை உறையவைக்க ஊற்றும் 'ஃபார்மிக்' அமிலம், 'ஃபார்மிக்கா' என்னும் எறும்பின் பெயரால் வந்தது. எறும்புகளைக் காய்ச்சி வடித்தே அதனை முதலில் எடுத்தனர். எறும்புக்கடியின் எரிச்சலை அறியாத தோட்டத்துப் பிள்ளை உண்டோ? தோட்டங்கள் பலவும் செம்பனைக்கு மாறிவிட்டமையால், இன்றைய மாணவருக்கு எறும்பு தெரியும்; அமில வாடைதான் தெரியாது.

பகுபத உறுப்பிலக்கணம் கற்ற தமிழாசிரியருக்கு இம்முறை புதிதன்று. 'இன்ஸ்பெக்டர்' என்பதில் 'ஸ்பெக்ட்' பகுதி; நோக்குதல் என்று பொருள். 'ஓர்' விகுதி, செய்பவரைக் குறிக்கும். 'இன்' என்பது உள்ளே. ஆகவே, உள்ளே நோக்குபவர். இங்கே ஒரு வேறுபாட்டை வற்புறுத்தல் வேண்டும். தமிழில் பகுதி முதலில் நிற்கும். ஒட்டுவன எல்லாம் அதன் பின்னரே வரும். இலத்தீனோ முன்னும் ஒட்டும். தமிழ் மாணவன் 'இன்' என்பதையே பகுதியாகக் கொண்டு மயங்குவது இதனால்தான். முதற்கண் சொல்லின் தலையைக் கழற்றக் கற்பிக்க வேண்டும். இதற்கே ஒரு வாரம் செலவிட்டாலும் தகும்.

எல்லாச் சொல்லுக்கும் இலத்தீன் வேர் தேடுவாரும் உளர். அது வீண். 'ரப்பர்' என்பதே இலத்தீன் அன்று. எழுத்தைத் தேய்த்து அழிக்கப் பயன்பட்டமையால் ஆங்கிலேயர் இட்ட பெயர். 'மில்க்', 'வாட்டர்', 'டேப்பர்' என்பனவும் செர்மானியக் கிளையைச் சார்ந்தவை. இவற்றுக்குப் பழைய நெட்டுருவே போதும்.